செகண்ட் தீராத ஆசனம்

கடிகாரம் இல்லாமலே பொழுது விடிந்து, பொழுது அடைந்த முன்னொரு காலத்தில், கடலோர நாடொன்றை இளஞ்சிங்கர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அவருடைய சபையில் விகடம் பேசுவதற்கென்றே மயிலேறி என்றொருவர் இருந்தார்.

ஒரு நாள் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் மன்னருக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்றைக் காணிக்கையாகத் தந்தான். அதில் நிற்காமல் ஓடிய மெல்லிய முள்ளைப் பார்த்துப் பார்த்து மன்னருக்கு ஆங்கிலப் பித்தே பிடித்துவிட்டது. சபையினருக்கெல்லாம் ஆங்கிலத்தில் வரிசை எண் சூட்டத் தொடங்கினார். பிரதம மந்திரி 'ஃபர்ஸ்ட்' ஆனார்.

"மயிலேறி, சிரிக்க வைப்பவர் எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்று முதல் நீர்தான் செகண்ட்!" என்ற மன்னர், மந்திரிக்கு அடுத்த ஆசனத்தைக் காட்டி, 'மயிலேறிக்கு ஆசனம், செகண்ட்' என்று ஓலையும் எழுதுவித்தார்.

அந்த ஆசனத்தின்மேல் பத்து வருஷமாகக் கண் வைத்திருந்தவர் துபாஷி குழந்தைவேலர். வெள்ளைக்காரர் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்வது அவருடைய உத்தியோகம். ஓலையைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. எழுந்து கும்பிட்டார்.

"அரசே, ஆங்கிலத்தில் செகண்ட் என்றால் இரண்டாவது என்று மட்டும் பொருளல்ல. ஒரு நொடிக்கும் அதுதான் பெயர். அந்த மெல்லிய முள் காட்டுவது செகண்டைத்தான். ஆகவே மயிலேறி அந்த ஆசனத்தில் ஒரு நொடிதான் இருக்கலாம்."

மன்னர் சபையில் இருந்த கப்பல் தலைவனைப் பார்த்தார். துபாஷி ஆங்கிலத்தில் கேட்க, இரண்டு பொருளும் உண்டு என்று அவன் தலையசைத்தான். மன்னருக்குக் குறும்பு கிளம்பிவிட்டது.

"அப்படியே ஆகட்டும். செகண்ட் இருக்கும்வரை மயிலேறி அமரலாம். அது போனபின்னும் எழாவிட்டால் நம் கட்டளையை மீறியவர் ஆவார். நாட்டைவிட்டே போக வேண்டியதுதான்!"

மயிலேறி தம் வீட்டை நினைத்தார். வீட்டில் மனைவி நிறைமாதம். வயிற்றுப்பிள்ளைக்காரியை அழைத்துக்கொண்டு எந்த ஊர் எல்லையைத் தாண்டுவது? 'ஆசனமே வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தவர், கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். நேராகப் போய் ஆசனத்தில் அமர்ந்து, சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார்.

துபாஷி முள்ளைப் பார்த்து எண்ணினார். "ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு! மீறிவிட்டார் அரசே!"

"பொறும் ஐயா," என்றார் மயிலேறி. "ஆங்கிலத்தில் இரண்டாவது செகண்ட் என்றால், மூன்றாவதற்கு என்ன பெயர்?"

"தேர்ட்."

"அந்த முள் இப்போது ஓடுகிறதே, இந்த நொடிக்குப் பெயர் தேர்டா?"

"இல்லை. செகண்ட்."

"அடுத்த நொடிக்கு?"

"அதுவும்... செகண்ட்தான்."

"நூறாவது நொடிக்கு?"

துபாஷி முள்ளை இன்னொரு தரம் பார்த்தார். "செகண்ட்."

மயிலேறி மன்னரை நோக்கிக் கைகூப்பினார். "அரசே, செகண்ட் இருக்கும்வரை அமரலாம் என்பது தங்கள் கட்டளை. போவதும் செகண்ட், வருவதும் செகண்ட் என்று துபாஷியாரே சாட்சி சொல்கிறார். தேர்ட் வரட்டும், அந்த நிமிஷமே எழுந்துவிடுகிறேன்."

துபாஷி ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லாமலே கப்பல் தலைவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். மன்னருக்கோ சிரித்துச் சிரித்துப் புரையேறி, மந்திரி அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

"அந்த ஆசனம் ஆயுள் உள்ளவரை உமக்கே!" என்று மன்னர் தம் பட்டுச் சால்வையை எடுத்து மயிலேறிக்குப் போர்த்தினார். "இது உமக்கு. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தங்க அரைஞாண் தனியே வரும்."

துபாஷி மெல்ல நகரப் பார்த்தார்.

"குழந்தைவேலரே, எங்கே போகிறீர்?" என்றார் மன்னர். "கடிகாரத்துக்கு எதிரே ஒரு மணை போட்டு உட்காரும். தேர்ட் வந்தால் உடனே எமக்குச் சொல்லும்!"