சரிகைச் செருப்பும் பட்டத்துக் குதிரையும்

வெள்ளூற்று நாட்டில் அந்தச் சித்திரையில் காக்கைகூடப் பறக்காமல், நிழல் பார்த்து நடந்துதான் போயிற்று. அந்த வெயிலில்தான் மன்னர் வீரமாறர் ஓர் ஆணை போட்டார்: "நாளை வரவேற்பு முடியும்வரை பட்டத்துக் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது."

காரணம் இருந்தது. போன வருஷம் பக்கத்து நாட்டு அரசர் செங்கோடர் விருந்துக்கு வந்தார். அவர் மாலைக்குக் குனிந்த நேரம் பார்த்து, குதிரை காலை அகட்டி மூத்திரம் பெய்துவிட்டது. அவருடைய புதுச் சரிகைச் செருப்பு நனைந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் நாட்டில் வருஷம் முழுக்கச் சிரித்தார்கள்.

"உள்ளே போனால்தானே வெளியே வரும்?" என்றார் மன்னர். சபை மொத்தமும் தலையாட்டியது. இதில் என்ன அறிவைக் கண்டார்களோ.

அமைச்சர் குழல்மொழி மட்டும் ஆட்டவில்லை. "வியர்வையும் வெளியே வர வேண்டுமே மன்னா. அது நின்றால் உடம்பு கொதித்துக் குதிரை விழுந்துவிடும். இப்போதே கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன். உடம்பில் தண்ணீர் இல்லாமல், கூடாரம் அடித்த மாதிரி அப்படியே நிற்கிறது."

"என் மானம்?"

"மானத்துக்குத் தாகம் எடுக்காது. குதிரைக்கு எடுக்கும்."

"சரி, காட்டு. நாளை மானம் போனால்?"

"என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

மூத்த அமைச்சர் சேந்தனார் அப்போதே அவள் ஆசனத்தில் உட்கார்ந்து, மெத்தை சௌகரியமாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார்.

குழல்மொழி லாயத்துக்குப் போனாள். குதிரையை நிழலில் கட்டி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றச் சொன்னாள். நக்குவதற்கு உப்புக்கட்டி வைத்தாள். குதிரை தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டது, எடுக்கவே இல்லை.

மறுநாள் செங்கோடர் தம் குதிரையில் வந்து இறங்கினார். இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பட்டத்துக் குதிரை காலை அகட்டியது. வீரமாறர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி பெய்தது.

குழல்மொழி அசரவில்லை. "விருந்தாளி வந்தால் வாசல் தெளிப்பது எங்கள் வழக்கம் அரசே. உங்களுக்குப் பட்டத்துக் குதிரையே தெளிக்கிறது. போன வருஷமும் தெளித்தது. நீங்கள்தான் கவனிக்கவில்லை."

இவ்வளவு பெரிய மரியாதையைப் பார்த்தா சிரித்தோம் என்று செங்கோடருக்கு ஒரே கூச்சம். கூச்சம் போனதும் பொறாமை வந்தது. "என் குதிரை மட்டும் ஏன் சும்மா நிற்கிறது? அதற்கு மரியாதை தெரியாதா?"

குழல்மொழி அந்தக் குதிரையின் கழுத்தைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். "மரியாதை நிறைய இருக்கிறது அரசே. தண்ணீர்தான் இல்லை."

செங்கோடர் நெளிந்தார். "போன வருஷம் நாங்கள் சிரித்தோமே. இதுவும் இங்கே வந்து அப்படிச் செய்தால் நீங்கள் சிரிப்பீர்களே என்று, நேற்றிலிருந்து தண்ணீர் காட்டவில்லை."

வீரமாறர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கியது. அவரே தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் குதிரைக்கு முன்னால் வைத்தார். "என்ன பரிசு வேண்டும், கேளம்மா."

"வாசல் தெளித்தாகிவிட்டது மன்னா. கோலம் போட ஒரு ஆள் வேண்டும்."

சபை மொத்தமும் திரும்பி அவளையே பார்த்தது. பார்க்கத்தானே செய்யும்.

மன்னர் மட்டும் வேறு பக்கம் பார்த்தார். "சேந்தனாரே, உமக்குப் புள்ளி வைக்கத் தெரியுமா?"