நீர்நாய் வளர்த்த சண்டை மீன்

காட்டாற்றின் கரையில் சிலுப்பி என்ற நீர்நாய் ஒரு மீனை வளர்த்து வந்தது.

ஆமாம், வளர்த்துத்தான் வந்தது! ஆற்று மீன்களைத் தலையும் வாலுமாகத் தின்னும் அதே சிலுப்பிதான். மழைக்கால வெள்ளத்தில் எந்த ஊரிலிருந்தோ ஒரு சண்டை மீன் அடித்துக்கொண்டு வரப்பட்டது. வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் தனியாக வளர்ப்பார்களே, அந்த இனம். நீல உடம்பு. பட்டுத் துணியை உதறி விரித்ததுபோல வால். அதைப் பார்த்ததும் சிலுப்பிக்குத் தின்ன மனம் வரவில்லை. கரையோரப் பாறைக் குழி ஒன்றில் விட்டு, பட்டுவால் என்று பெயரும் வைத்தது.

மரக்கிளையிலிருந்து மீன்கொத்தி கேலி பேசும். "அண்ணே, மீன் உனக்குச் சாப்பாடா? இல்ல, நீ மீனுக்குச் சாப்பாடு போடுறியா?"

"உன் வேலையைப் பாருடா, நீளமூக்கா!" என்று சிலுப்பி விரட்டும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளி "போதும்" என்றால், மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை சொன்னால் இன்னொன்று வைப்பார்கள். மறுபடி சொன்னால் இரண்டாக வைப்பார்கள். அதற்கு மேலும் சொன்னால், 'என் கைப்பக்குவம் பிடிக்கலையா?' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்!

பட்டுவாலோ வெளியூர்க்காரன். அதற்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது.

ஒவ்வொரு நாளும் வயிறு நிறைந்ததும், "போதும்" என்றது பட்டுவால்.

"கூச்சப்படாதே கண்ணு!" என்று சிலுப்பி இன்னொரு கொசுப்புழுவை ஊட்டியது. சிலுப்பி போன பிறகு, பக்கத்தில் குடியிருந்த தவளை மாமா வந்து ஊட்டியது. யார் எவ்வளவு ஊட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலை சிலுப்பி வந்து பார்த்தது. பட்டுவால் குழியின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வயிறு புடைத்திருந்தது. சண்டை மீன்கள் அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியாக வேண்டும். பட்டுவால் துடித்துத் துடித்துப் பாதி தூரம் ஏறியது. உடம்பு புரண்டது. கல் மாதிரி மறுபடி கீழே போனது.

"ஐயோ! என் செல்லத்துக்கு என்ன ஆச்சு?" என்று சிலுப்பி அலறியது.

தவளை மாமா எட்டிப் பார்த்தது. பானைபோல் இருந்த அந்த வயிற்றைப் பார்த்துவிட்டு, "பாவம், ரொம்ப மெலிஞ்சு போச்சு!" என்றது. "உடம்புல தெம்பு இல்ல. நான் ஏதாவது ஊட்டிக்கிட்டு இருக்கேன். நீ அக்கரைக்குப் போய்க் கரடியக்காகிட்டே மலைத்தேன் வாங்கிட்டு வா. ஓடு!"

சிலுப்பி ஆற்றைக் கடந்து கரடியக்காவின் குகை வாசலுக்கு ஓடியது.

"அக்கா, அவசரம்! கொஞ்சம் தேன் வேணும்!"

"தேன் இருக்கு தம்பி. ஆனா வாசல்லயே நின்னுட்டுப் போனா எப்படி? கை நனைச்சிட்டுப் போ!"

கரடியக்கா தேனடையை வைத்தது. கரையான் உருண்டை வைத்தது. சிலுப்பி அவசர அவசரமாக விழுங்கியது.

"போதும் அக்கா!"

"என்ன போதும்? இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"சத்தியமாப் போதும் அக்கா!"

"அப்போ ரெண்டு!"

இலைத் தொன்னையில் தேனை வாங்கிக்கொண்டு சிலுப்பி ஆற்றில் குதித்தது. காட்டிலேயே அதைப்போல் நீந்த ஆளில்லை. ஆனால் இன்று உடம்பு வளையவில்லை. வயிறு ஒரு பக்கம் இழுத்தது. சிலுப்பி அப்படியே சாய்ந்து உருண்டது. தேன் ஆற்றோடு போயிற்று. மூக்கை வெளியே நீட்டப் பார்த்தது, முடியவில்லை.

கரடியக்கா தடதடவென்று இறங்கி வந்து, பிடரியைப் பிடித்துக் கரையில் தூக்கிப் போட்டது.

"போதும்னு சொன்னேனே அக்கா!" என்று சிலுப்பி மூச்சு வாங்கியது.

"நீ சும்மா சொல்றேன்னு நினைச்சேன் தம்பி!"

சிலுப்பி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அக்கா, பட்டுவாலும் இதையேதானே சொல்லிச்சு! தினமும் சொல்லிச்சு! வா, வா, என்னை முதுகுல ஏத்திக்கோ!"

இருவரும் பாறைக் குழிக்கு வந்து சேர்ந்தபோது தவளை மாமா ஒரு கொழுத்த புழுவைப் பட்டுவாலின் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, எடு கையை!" என்று சிலுப்பி கத்தியது. பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டது. "பட்டுவால், உனக்கு என்னடா வேணும்?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"காத்து வேணும்" என்றது பட்டுவால், தேய்ந்த குரலில். "மேலே வர முடியல. ரொம்ப ஆழமா இருக்கு. பசியே இல்ல."

கரடியக்கா தன் பெரிய கைகளால் தண்ணீரை வாரி வாரி வெளியே இறைத்தது. சிலுப்பி ஒரு வாதுமை இலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, பட்டுவாலை அதன்மேல் சாய்த்துப் படுக்க வைத்தது. நீர்மட்டம் இப்போது அதன் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பட்டுவால் தலையைத் தூக்கி ஒரு வாய் காற்றை விழுங்கியது. அப்பாடா!

"அட, இப்போ நல்லாத் தெரியுதே!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மீன்கொத்தி விர்ரென்று பாய்ந்தது!

கரடியக்கா நகர்ந்து வந்து குழியை மறைத்துக் குனிந்து நின்றது. மீன்கொத்தி அந்த மயிர்க்காட்டுக்குள் மோதிச் சிக்கி, தும்மிக்கொண்டே வெளியே வந்தது.

"இது என்ன, நடுப்பகல்ல இருட்டிப் போச்சு!" என்று புலம்பியபடி ஆற்றுப் பக்கம் பறந்து போனது.

அன்று முழுவதும் பட்டுவாலுக்குச் சாப்பாடு கிடையாது. தவளை மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "நோயாளியைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறியா? ஊர் என்ன பேசும்?" என்று குதித்தது. சிலுப்பிக்கும் கை பரபரத்தது. ஒரே ஒரு புழு, சின்னதாக, கொடுத்தால் என்ன? எழுந்து போய் ஒரு புழுவைப் பிடித்தும் விட்டது. பட்டுவாலைப் பார்த்தது. அது வேண்டாம் என்று வாலை லேசாக அசைத்தது. சிலுப்பி புழுவை விட்டுவிட்டுத் தன் கைமேலேயே உட்கார்ந்துகொண்டது!

மறுநாள் வெயில் ஏறித் தண்ணீர் இதமாகச் சூடானது. பட்டுவாலின் பின்னாலிருந்து கறுப்பாக ஒரு நூல் நீண்டு வந்தது.

"மாமா! அக்கா! ஓடி வாங்க! பட்டுவால் வெளிக்குப் போயிடுச்சு!" என்று சிலுப்பி கரைக்கும் ஆற்றுக்குமாகத் துள்ளியது. அரசனுக்கு மகன் பிறந்தால்கூட இப்படி ஒரு ஆரவாரம் இருக்காது.

கொஞ்சம் கொஞ்சமாக வயிறு வற்றியது. சாய்ந்திருந்த உடம்பு நிமிர்ந்தது. பட்டுவால் இலையை விட்டு எழுந்து, குழியை ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. கரடியக்கா ஆற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்ற, அது கூடவே உயர்ந்து உயர்ந்து வந்தது.

கரடியக்காவுக்கு ஆசை தாங்கவில்லை. கிட்டத்தில் பார்க்கத் தன் பெரிய மூக்கைத் தண்ணீரில் வைத்தது. சண்டை மீன் சும்மா இருக்குமா? செவுள்களைக் குடைபோல் விரித்து, வாலை உதறி, அந்த மூக்கோடு சண்டைக்குப் பாய்ந்தது!

"ஐயோ, அடிக்க வருது!" என்று கரடியக்கா மல்லாந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தது. சிலுப்பியும் தவளை மாமாவும் சிரித்த சிரிப்பு அக்கரைவரை கேட்டது.

அன்போடு கொடுப்பவர்கள், வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போது அதையும் அதே அன்போடு காதில் வாங்க வேண்டும்.