மலைப்பூதத்துக்கு மூன்று பேர்

அன்று துறைமுக வாசல் லாரி வரிசையில் ஒரே போன் விளையாட்டை ஆடியவர்கள் ஆறு பேர். லாரி ஓட்டுநர்கள் இசக்கிராஜ், கனகசபை, லாசரஸ், செல்லையா, ஜமால் மைதீன். எடைமேடையில் சீட்டு எழுதும் பிரிசில்லா. வயதில் எல்லோருக்கும் இளையவள். அந்தப் போன் விளையாட்டில் மலைப்பூதத்தை வீழ்த்தியவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளை ஆசான் என்பார்கள்.

பூதத்தோடு மோத மூன்று பேருக்குத்தான் இடம். மூவரும் விடாமல் அடிக்க வேண்டும். ஒருவர் பத்து நொடி கையை எடுத்தாலும் பூதத்துக்கு உயிர் முழுசாக நிறைந்துவிடும். குழுத் தலைவர் இசக்கிராஜ். எட்டு முறை தோற்றாயிற்று. மதியம் ஒரு மணியோடு பூதம் போய்விடும்.

"இன்னிக்கும் தோத்தா நாங்க நாலு பேரும் சேலத்துக் குழுவுல சேர்ந்துருவோம் அண்ணாச்சி. பிறகு நீங்க தனியா உக்காந்து ஆடுங்க" என்றார் லாசரஸ்.

இசக்கிராஜ் எடைமேடைக்குப் போனார்.

"ஆசானே, நல்ல அணி எது?"

"நீங்க யாரை வச்சிருக்கீங்க?"

"பலத்துல முதல் மூணு பேரு. கனகசபை 9,140. லாசரஸ் 8,870. நான் 8,655. பதினேழு நிமிஷம் போதும். ஆனா எட்டுத் தடவையும் பாதியில வரிசை நகருது. நேரம் சரியில்ல."

"மத்த ரெண்டு பேரு?"

"செல்லையா 4,020. ஜமால் 3,910. அதுக என்னத்துக்கு?"

பிரிசில்லா சீட்டுக்கட்டை வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஐந்து பேரையும் போனைக் கையில் எடுக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்ற லாரியில் ஏறி இரண்டு முறை ஹாரன் அடித்தாள். அந்த வரிசையில் இரண்டு ஹாரன் என்றால் வண்டியை முன்னால் எடு என்று அர்த்தம்.

கனகசபை ஓடினார். லாசரஸ் ஓடினார். இசக்கிராஜும் ஓடினார்.

வரிசை நகரவில்லை. மூவரும் திரும்பி வந்தார்கள். செல்லையாவும் ஜமாலும் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. செல்லையாவின் வண்டி அச்சு முறிந்து இரண்டு நாளாக ஓரத்தில் நிற்கிறது. ஜமாலுக்கு அனுமதிச் சீட்டு வராததால் அவர் வண்டியும் ஓரத்தில்தான்.

"என்ன ஆசானே, விளையாடுறீங்களா?" என்றார் லாசரஸ்.

இசக்கிராஜ் தலை தூக்காத அந்த இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செல்லையா, ஜமாலு, நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க."

"நானா அண்ணாச்சி?" என்றார் செல்லையா.

"போன்ல அவன் வீரன் கையில வாளா இருக்கு? வெளக்குமாறுல்ல இருக்கு!" என்றார் லாசரஸ்.

மூன்றாவது இடம் மிச்சம். இசக்கிராஜின் கை தன் போன் மேல் இருந்தது. பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டார்.

"கனகசபை, நீ ஆடு. உன் வண்டிச் சாவியைக் குடு."

"என் வண்டியவா? ரெண்டாவது கியர் சிக்கும் அண்ணாச்சி."

"சிக்கட்டும். குடு."

கனகசபையின் வண்டி வரிசையில் இருபத்து மூன்றாவது. இசக்கிராஜின் வண்டி இருபத்து நான்காவது. ஆட்டம் 12.25க்குத் தொடங்கியது. ஹாரன் நான்கு முறை வந்தது. நான்கு முறையும் இசக்கிராஜ் முன்வண்டியை நகர்த்தினார். இறங்கி ஓடிவந்து தன் வண்டியை நகர்த்தினார். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

12.52க்கு செல்லையாவின் கூச்சல் கேட்டது. பூதம் விழுந்துவிட்டது.

இசக்கிராஜ் ஓடிவந்து போனை வாங்கிப் பார்த்தார். வென்ற அணி என்று அதில் மூன்று பெயர்கள் இருந்தன. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"சேலத்துக்குப் போறீங்களாடே?" என்றார்.

"அங்க வண்டி நகர்த்த ஆள் இல்லையாம்" என்றார் லாசரஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிராஜ் எடைமேடைப் பக்கம் திரும்பினார்.

"ஆசானே, இதுல என் பேரு இல்லையே."

பின்னாலிருந்து இரண்டு ஹாரன் வந்தது.

"ரெண்டு வண்டி நிக்குது அண்ணாச்சி" என்றாள் பிரிசில்லா. "போங்க."

அவர் ஓடினார். அவர் வண்டிக்கு முன்னால் அப்போது மிச்சம் பதினொரு வண்டி.