வெயில் வாரத்தில் திறந்த மதகு

மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களே, வந்ததுதான் வந்தீர்கள், இதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

மேகமும் அரசாணைக்குக் கட்டுப்படும் என்று மன்னர்கள் நம்பிய காலம். நெடுங்கரை என்றொரு சின்ன ஊர். அதற்கு ஓர் ஏரி, ஓர் அரசன், ஏழு அமைச்சர்கள். அரசனின் பெயர் ஊரைவிட நீளம், அதை விட்டுவிடுவோம்.

வாரத்தின் முதல் நாள், வானம் பார்த்துச் சொல்லும் அரண்மனைக் கணியர் ஏழு நாள் நிலவரத்தை ஓலையில் எழுதுவார். அரசன் முத்திரை வைப்பான். முரசறைவார்கள். முத்திரை விழுந்தபின் அது கணிப்பு அல்ல, ஆணை. வெயில் என்று அறிவித்த நாளில் குடை பிடித்தவனுக்கு மூன்று கசையடி.

ஓர் ஐப்பசியில் ஓலை சொன்னது: "ஏழு நாளும் வெயில்." அந்த வாரம் அரசனின் பிறந்தநாள் ஊர்வலம். கணியர் வானத்தைவிட அரசன் முகத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்.

முரசொலி அடங்குமுன் மழை பிடித்துக்கொண்டது.

ஊர் அடங்கி நடந்தது. வண்ணார்கள் துணியைக் கொடியில் போட்டார்கள். வணிகர்கள் மிளகை முற்றத்தில் பரப்பினார்கள். குயவர்கள் பச்சைப் பானைகளை வெளியே வைத்தார்கள். அவை மறுபடி மண்ணாயின. எதிரெதிரே வந்தவர்கள் முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தபடி, "என்ன வெயில்! வியர்த்துக் கொட்டுகிறதே!" என்றார்கள்.

ஏரியின் மதகுக் காவலன் சேந்தன். ஐம்பதைத் தாண்டியவன். எதையும் இரண்டு முறை யோசித்து, மூன்றாம் முறை தன்னையே சந்தேகிப்பவன். வெயில் வாரத்தில் மதகைத் திறப்பது ஏரி நீரை வீணாக்கும் குற்றம், தலை போகும்.

முதல் நாள், கரை விளிம்புக்கு மூன்று முழம் கீழே நீர். கணியரிடம் ஓடினான்.

"வெயிலில் ஏரி எப்படியப்பா நிறையும்? கண்ணுக்கு மருந்து போடு."

சேந்தன் போட்டுக்கொண்டான். பெரியவர்களுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று நினைத்தான்.

மூன்றாம் நாள், இரண்டு முழம். அமைச்சர் ஒருவரிடம் ஓடினான்.

"ஓலையைத் திருத்த மனு எழுதிக் கொடு. நனைந்த ஓலை மட்டும் செல்லாது."

ஊர் முழுக்கத் தேடினான். காய்ந்த ஓலை ஒன்றுகூட இல்லை.

ஐந்தாம் நாள், ஒரே ஒரு சாண். ஊர்வலத்தின் குறுக்கே போய் நின்றான். யானை மேல் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த அரசன், "என்ன சேந்தா, வெயில் சுகமாக இருக்கிறதா?" என்றான்.

"சுகம், மன்னா" என்றது சேந்தனின் நாக்கு.

தலைகுனிந்து திரும்பினான். கரையடியில் குடியிருந்த வள்ளை, கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, கரை கசியுதே!"

"கசியலம்மா, வியர்க்குது."

வள்ளை அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்க வாயுமா இப்படிப் பேசுது, அண்ணே?"

சேந்தனுக்கு உடம்பு கூசியது. நேரே போய், மதகுப் பலகையை முழுக்கத் தூக்கினான். மாலைக்குள் ஏரி முதல் நாள் அளவுக்குத் தணிந்ததும் பலகையை இறக்கினான், கரை நின்றது.

மறுநாள் அவனைச் சபையில் நிறுத்தினார்கள். "வெயில் வாரத்தில் ஏரி நீரை வீணாக்கினாயா?" என்று அரசன் உறுமினான்.

"மன்னா, முரசறைந்த அன்று இருந்த நீர் ஒரு விரலும் குறையவில்லை. அளந்து பாருங்கள். அதற்குமேல் நீர் வந்ததாகவும், அதை நான் விட்டதாகவும் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று கணியர் சொல்லட்டும்."

அரசன் கணியரைப் பார்த்தான். கணியர் கூரையைப் பார்த்தார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

சேந்தனை விட்டுவிட்டார்கள்.

மறுவாரம் ஓலை, "ஏழு நாளும் மழை" என்றது. வெயில் கொளுத்தியது. ஊரே குடை பிடித்துக்கொண்டு நடுங்கியது. சேந்தன் மட்டும் மேல்துண்டை உதறி வெயிலில் உலர்த்தினான். துண்டு காய்ந்தது, ஐந்து நாள் தாமதித்தேனே என்ற ஈரம் காயவில்லை.

ஆகவே கேட்டவர்களே, தன் தலை நனைவதைச் சொல்ல ஆணைக்குக் காத்திருப்பவன், தன் ஊர் மூழ்கவும் துணைபோகிறான்.