ஆள்காட்டி வாயை மூடிக்கொண்ட மத்தியானம்

மிருகமும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஆள்காட்டிப் பறவை அளந்துதான் கத்தும். இன்றைக்கு அதன் கூப்பாட்டைக் கேட்டவர்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

கோடையில் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயின் நடுவே, வெறுந்தரையில், அது நாலு முட்டை இட்டிருந்தது. பக்கத்துக் கோரைப்புதரில் ஒரு முயல் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. கரையில் நின்று வானத்தைப் பார்த்து, வெள்ளம் வருமா என்று சொல்வது ஆள்காட்டியின் வேலை. அது கத்தினால் எல்லாரும் மேடேறிவிட வேண்டும்.

வெயில் கொளுத்திய ஒரு நாள் மேற்கே கருமேகம் திரண்டது. ஆள்காட்டி கத்தியது. முயல் தன் குட்டிகளைக் கரையில் விட்டுவிட்டு, ஓடி ஓடி வந்து ஆள்காட்டியின் முட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக் கரையேற்றியது. கரையில் பொட்டு நிழல் இல்லை. மேகமோ ஒரு சொட்டுகூட விடாமல் கலைந்து போனது. கடைசி முட்டையோடு முயல் ஏறி வந்தபோது, சின்னக் குட்டி வெயில் தாங்காமல் சுருண்டு செத்துக் கிடந்தது.

"மதினி, இனிமே நிச்சயமாத் தெரிஞ்சா கத்து. இல்லாட்டி வாய மூடிக்கிட்டு இரு" என்றது முயல். பிறகு முட்டைகளைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தது.

தன் முட்டைக்காகத்தானே அந்தக் குட்டி தனியாகக் கிடந்தது என்ற நினைப்பு ஆள்காட்டியை அரித்துத் தின்றது.

கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் மறுபடி மேற்கே இருட்டியது. இடி உறுமியது. ஆள்காட்டி அலகைத் திறந்தது. நிச்சயந்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டு மூடிவிட்டது. பளீரென்று ஒரு மின்னல் கண்மாய்க்குள் நின்ற பனையில் இறங்க, எரிந்த மட்டையொன்று காய்ந்த கோரையில் விழுந்து புகைந்தது.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? கத்து!" என்று பதறியது அதன் துணைப்பறவை.

"பொறுங்க. பத்திக்கிச்சான்னு தெரியட்டும். இன்னொரு பிள்ளையச் சாகக் குடுக்க என்னால முடியாது."

தூறல் விழுந்து நெருப்பு அணைந்தது. நல்லவேளை, கத்தவில்லை என்று ஆள்காட்டி பெருமூச்சு விட்டது. பாவம், அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். மலைப்பக்கம் கொட்டிய மழை அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடைப்பக்கம் ஏதோ இரைந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தது. இரைச்சல் கூடியது. கத்தலாமா? தூறல் விட்டு வெயில் மறுபடி சுட்டது. கரையில் இன்றைக்கும் நிழல் இல்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்.

முள்ளையும் சருகையும் உருட்டிக்கொண்டு செந்தண்ணீர் கண்மாய்க்குள் புகுந்தபோது எல்லாம் நிச்சயமாகிவிட்டது. அப்போதுதான் ஆள்காட்டி கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. முயல் மிஞ்சிய குட்டியைக் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கரையேறியது. குட்டியை இறக்கிவிட்டு முட்டைக்காகத் திரும்பியது. முட்டை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

"ஏன் மதினி முன்னாடியே கத்தல? போன தடவ மாதிரி எடுத்துட்டு வந்திருப்பேனே!"

"நிச்சயமாத் தெரியலையே, மதினி."

அது முயலே சொன்ன சொல்தானே. முயல் ஆள்காட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"இனிமே எதுக்கும் காத்திருக்காத. நிழல் அசைஞ்சாக்கூடக் கத்து. வையிறவுக வஞ்சிட்டுப் போகட்டும். நான் ஓடுறேன்."

அன்றைக்குப் பிடித்த கத்தல்தான். நாய் நடந்தாலும் ஆள் வந்தாலும் சருகு புரண்டாலும் ஆள்காட்டி ஊரைக் கூட்டுகிறது. ஆடு மேய்க்கிறவர்களும் வேட்டைக்காரர்களும் அதை வாய்க்கு வந்தபடி வைகிறார்கள். முயல் மட்டும் ஒருநாளும் வைததில்லை. அந்தக் குரல் கேட்டால் காதைத் தூக்கும், என்ன ஏதென்று கேட்காமல் ஓடும்.