சக்கரத்தடியில் பொய்யிலியார்

திருமேட்டங்குடியில் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது பொய்யிலியாரின் தொண்டு. தேரை நிறுத்த, சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைச் செருகிச் சம்மட்டியால் அடித்து இறுக்க வேண்டும். கண் ஒரு நொடி விலகினாலும் யாராவது நசுங்கிச் சாவார்கள். ஊரே அண்ணாந்து "மேட்டுநாதா!" என்று கண்ணீர் விடும்போது, இவர் சக்கரத்தையே பார்த்துக் குனிந்திருப்பார். கோயிலுக்குள் நுழைய அவர் குலத்துக்கு அந்நாளில் வழியில்லை. தேர்நாளில் மட்டுமே வெளியே வரும் பெருமானின் திருமுகத்தை அவர் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆசையில்லாமலா? நெஞ்சு வெந்துபோகும் ஆசை!

தேரன்று ஊரார் எல்லாரும் நோன்பிருந்து வடம் பிடிப்பார்கள். இவரோ விடியலிலேயே பழஞ்சோற்றை வயிறார உண்பார். ஓராண்டு மனைவி நங்கையாள் மனம் பொறாமல், "ஊரே பட்டினி கெடக்கு. நீங்க மட்டும் திங்கிறீங்கன்னு காறித் துப்புறாங்களே!" என்றார்.

"நான் மயங்கி விழுந்தா அடுத்தவன் சாவான் புள்ள. இன்னுங் கொஞ்சம் போடு" என்றார் அடியார்.

அந்த ஆண்டு தேர் மேட்டுத்தெரு இறக்கத்துக்கு வந்தபோது, முன்வடம் யாருக்கு என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் மோதிக்கொண்டன. பக்தியாம் பக்தி! நோன்பிருந்த வாய்களிலிருந்து வந்த வசவுகளை எழுதவே கை கூசுகிறது. பொய்யிலியார் கட்டையை இறுக்கித் தேரை இறக்கத்திலேயே நிறுத்தினார். தடிகள் சுழன்றன, பற்கள் உதிர்ந்தன. கீழத்தெருவார் பெண்டு பிள்ளைகளோடு தேரின் முன்னே வடத்தில் கால் சிக்கி, ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். எங்கிருந்தோ வந்த கல் மேலத்தெருத் தலைவன் மழவராயனுடைய தம்பியின் மண்டையைப் பிளந்தது. அவன் அங்கேயே செத்தான்.

மழவராயன் வெறிகொண்டு சக்கரத்தடிக்கு ஓடி வந்தான். "கட்டைய உருவுடா! கீழத்தெருவான் ஒருத்தனும் மிஞ்சக் கூடாது!"

"மாட்டேன் சாமி."

தடி இறங்கியது. தோள் எலும்பு முறிந்தது.

"கையில சம்மட்டி இருக்கு, திருப்பி அடிக்கத் துப்பில்ல. நீயெல்லாம் ஆம்பளையா?" என்று மறுபடியும் ஓங்கினான்.

கையாலாகாதவன் காட்டும் பொறுமைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. வயிற்றைக் காயப்போட்டுவிட்டு வெறியாடியவர்களின் நோன்பும் எனக்குப் பெரிதில்லை. பொய்யிலியார் ஓங்கியிருந்தால் மழவராயன் ஒரே அடியில் விழுந்திருப்பான். அந்த நொடியில் கட்டை நழுவியிருக்கும். ஆகவே தம்மேல் அடி விழ விழ, அவர் மிஞ்சிய கையால் கட்டையையே அடித்து இறுக்கினார்.

கடைசியில் கட்டை பிளந்தது. தேர் அசைந்தது. அடியார் சக்கரத்தின் முன் பாய்ந்து தம் உடம்பையே கொடுத்தார். "புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்க!" என்று அலறினார். விலா எலும்புகள் நொறுங்கின. கண்ணெல்லாம் இரத்தம். வடத்தில் சிக்கியவர்கள் கதறிக்கொண்டு எழுந்து விலகினார்கள்.

அப்போது யாரோ அவர் தலையை மெல்லத் தொட்டார்கள்.

"பொய்யிலி, என்னைப் பார்."

"முடியாது சாமி. சக்கரம் உருண்டுடும்."

"சக்கரத்தை நான் பிடித்துக்கொண்டேன் அப்பா. நீ பார்."

அடியார் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

ஊரார் நெருங்கியபோது, தேர் அந்த இறக்கத்தில் கட்டையே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. மழவராயன் தடியைப் போட்டுவிட்டு மண்ணில் விழுந்து அழுதான். உயிர் பிரிந்த பொய்யிலியாரின் கண்கள் மேலே பார்த்தபடி இருந்தன. அம்முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. பிறர் உயிருக்காகத் தம் ஆசையையும் கோபத்தையும் அடக்கிக் குனிந்திருந்த அப்பெரியாரின் திருவடிகளில் நம் தலையும் குனியட்டும்.