பன்னெண்டாம் நம்பர் உடும்பன்

டேய், ஃபோன கீழ வைங்கடா. நீ என்னடா, கதை சொல்றேன்னதும் பஜ்ஜித் தட்ட உன் பக்கம் நகத்துற? உங்க மூஞ்சிகளுக்கு கதையே அதிகம். இருந்தாலும் சொல்றேன். எனக்கும் வேற வேலை இல்ல.

பூவனூர்னு ஒரு ராஜ்யம். ராஜா பேரு மகுடேசன். தலைல கிரீடமும் உண்டு, அரண்மனைக்குள்ள சினிமா கொட்டகையும் உண்டு. அது எப்படின்னு கேக்குறவன் இப்பவே எந்திரிச்சுப் போலாம்.

ராஜாவுக்கு ஒரே பைத்தியம், கடலுடும்பன். கடலுக்குள்ளேருந்து மலை சைஸுக்கு ஒரு உடும்பு வரும். ஊர மிதிக்கும். திரும்பக் கடலுக்கே போயிரும். இதையே இருபத்தொம்பது படமா எடுத்துட்டானுங்க. உடும்பன் தலையக் காட்டுனா கொட்டகைல ஒருத்தரும் உக்காரக் கூடாது, அது அரண்மனை வழக்கம். ராஜா சூடம் ஏத்துவாரு. ராணி விசிலடிப்பாங்க. தளபதி காகிதத்தக் கிழிச்சு கிழிச்சு வீசுவாரு. படம் முடியிற வரைக்கும் ஒரே ஆட்டம்.

ஒருநாள் பக்கத்து மலைநாட்டு ராஜாகிட்டருந்து ஓலை வந்துச்சு. "இருபத்தொம்பதும் பாக்க எனக்கு ஆயுசு பத்தாது. ஒண்ணே ஒண்ணு அனுப்பும். அதப் பாத்தா மொத்தமும் பாத்தாப்புல இருக்கணும்."

அவ்வளவுதான். சபைல சண்டை.

"அஞ்சாவதுதான்! அதுலதான் கோட்டைய ஒரே வால் வீச்சுல சாய்க்குது!"ன்னாரு தளபதி.

"சும்மா இருங்க தளபதியாரே. ஒம்பதாவதுல குட்டி உடும்பு பொறக்குமே, அதுக்கு ஈடு ஏது?"ன்னாங்க ராணி.

மந்திரி கெடிலராயர் தாடியத் தடவினாரு. சபைல துடியப்பர்னு ஒரு விகடகவி, வாய்ச் சாமர்த்தியத்தாலயே ராஜாவச் சிரிக்க வைப்பாரு. அவரக் கண்டாலே இந்த ஆளுக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, துடியப்பரே தேர்ந்தெடுக்கட்டும். ஆனா படம் முடிஞ்சதும் சபைல ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'எனக்குப் புடிச்சது இதுல இல்லையே'ன்னு சொன்னாலும், துடியப்பர் ஊர விட்டுப் போயிரணும்."

"நல்லாருக்கே!"ன்னாரு ராஜா. "துடியப்பா, மூணு நாள் டைம்."

துடியப்பருக்கு வேர்த்துருச்சு. ஊர விட்டுப் போனா எங்க போறது? அவருக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் ராஜாவச் சிரிக்க வைக்கிறது. அத எந்தச் சந்தைல விக்கிறது?

ரெண்டு நாள் யோசிச்சாரு. ஒண்ணும் ஓடல. மூணாம் நாள் கொட்டகை ஆபரேட்டர் ரூமுக்குப் போய் ஏதோ விசாரிச்சாரு. போறப்ப பொணம் மாதிரி போன மனுசன், வர்றப்ப வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தாரு.

"மகாராஜா, பன்னெண்டாவது படம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சூடம் வேணாம், விசில் வேணாம். எல்லாரும் உக்காந்து பாக்கணும்."

"உக்காந்தா? உடும்பன உக்காந்தா பாக்குறது?"

"ஒரே ஒரு தடவை, மகாராஜா."

படம் ஓடுச்சு. ஹீரோ நீலச் சட்டையோட கடல்ல குதிக்கிறான். செவப்புச் சட்டையோட வெளிய வர்றான். திடீர்னு உடும்பன் வால வீசுது, கோட்டை சாயுது.

"என் கோட்டை!"ன்னு தளபதி துள்ளுனாரு.

அடுத்தாப்புல முட்டை வெடிச்சு குட்டி எட்டிப் பாக்குது. ராணி கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. அந்தப் பக்கம் சமையக்காரர் "நம்ம இருவதாவது!"ங்கிறாரு, இந்தப் பக்கம் வைத்தியர் "நம்ம மூணாவது!"ங்கிறாரு. எல்லார் மூஞ்சியும் மலந்துபோச்சு.

மந்திரி மட்டும் கொதிச்சு எந்திரிச்சாரு. "மோசடி! இது பன்னெண்டே இல்ல! எல்லாப் படத்துலயும் துண்டு துண்டா வெட்டி ஒட்டியிருக்கு! நடுவுல என்னோட பதினேழாவது கூட வருது!"

"ஆகா, மந்திரியாரோடதும் வந்துருச்சு"ன்னாரு துடியப்பர். "பாக்கி யாரும் உண்டா?"

எல்லாரும் இல்லன்னு தலைய ஆட்டுனாங்க.

ராஜா மொறைச்சாரு. "யோவ் துடியப்பா, உண்மையச் சொல்லு. இத எப்ப ஒட்டுன?"

"நான் ஒட்டல மகாராஜா. ஆறு வருசம் முன்னாடியே ரீல் பழசாகிக் கிழிஞ்சிருச்சாம். மத்த படத்துலருந்து துண்டு எடுத்து ஆபரேட்டர் ஒட்டிட்டான். ஆறு வருசமா இதத்தான் பாக்குறீங்க. போன பொங்கலுக்கு இதுக்குத்தான் மந்திரியார் வேட்டிய மடிச்சுக்கட்டி ஆடுனாரு."

"ஒருத்தருக்குமா தெரியல?"

"ஒருத்தருக்கும் தெரியல. எதுலருந்து எத வெட்டி எங்க ஒட்டுனாலும் கண்டுபுடிக்க முடியல. இருபத்தொம்பதையும் பத்தி இதவிட உண்மையச் சொல்ற படம் வேற எது மகாராஜா?"

ராஜாவுக்கு மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் மீசை துடிச்சுது. அப்புறம் சிரிச்சாரு பாரு, கிரீடம் கழண்டு மடியில விழுந்துச்சு. கையிலருந்த மோதிரத்தக் கழட்டி துடியப்பருக்குப் போட்டாரு. படப் பொட்டி மலைநாட்டுக்குப் போச்சு. ஒரே வாரத்துல பதில்: "பாத்தேன். மொத்தமும் புரிஞ்சுது. இனிமே அனுப்ப வேணாம்."

ஆபரேட்டர் என்ன ஆனான்னு தானே கேக்குற? உன் எதுருல உக்காந்து கடைசி பஜ்ஜிய எடுத்துக்கிட்டு இருக்கான் பாரு.

ரீல் பழசும் ஆகல, கிழியவும் இல்ல. மெஷின ஓடவிட்டுட்டு நான் மத்தியான ஆட்டத்துல தூங்கிட்டேன். ரீல் சிக்கி, பாதிப் படம் எரிஞ்சு போச்சு. துடியப்பர்கிட்டயும் நான் இதச் சொல்லல.